மலையேறும் வெப்பம், தயங்கும் மரங்கள்: இமயமலைக் காடுகளின் எல்லை நகர்வது எப்படி?

உத்தரகண்ட் மாநிலம் கங்கோத்ரியில் இருந்து கங்கையின் ஊற்றுக்கண்ணான கோமுகத்துக்குச் செல்லும் யாத்திரைப் பாதையில் இரண்டு தங்குமிடங்கள் உள்ளன. ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்தில் சீர்பாசா, அதற்கு மேல் ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில் போஜ்பாசா. 'சீர்' என்பது பைன் மரத்தையும், 'போஜ்' என்பது பூர்ஜ மரத்தையும், 'பாசா' என்பது உறைவிடத்தையும் குறிக்கும் சொற்கள். எந்த உயரத்தில் எந்த மரம் வளரும் என்பதை இவ்விரு ஊர்ப்பெயர்களும் இன்றளவும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

மலையில் உயரம் கூடக் கூடக் குளிர் கூடும். அந்தக் குளிரின் அளவுக்கு ஏற்ப மரங்கள் படிப்படியாக அமைந்துள்ளன. அடிவாரத்தில் சால், அதற்கு மேல் சீர் பைன், பின்னர் பாஞ்ச் எனப்படும் ஓக், தேவதாரு, கர்சு ஓக், ஃபிர், இறுதியாகப் பூர்ஜம். அதற்கும் மேலே மரங்கள் இல்லை. புல்வெளியும் பாறையும் பனியும் மட்டுமே.

புவி வெப்பமயமாதலால் இந்தப் படிகள் ஒவ்வொன்றுக்கும் உரிய வெப்பநிலை மேல்நோக்கி நகர்ந்து வருகிறது. மரங்களும் அதனுடன் சேர்ந்து நகர்கின்றனவா? நகராவிட்டால் என்ன நேரும்? இமயமலையின் நீரூற்றுகள், மேய்ச்சல் நிலங்கள், பழத்தோட்டங்கள் ஆகியவற்றை நம்பி வாழும் மக்களுக்கு இவை நேரடியாகத் தொடர்புடைய கேள்விகள்.

மரம் 'நகர்வது' என்றால் என்ன?

வேரூன்றிய மரம் இடம் மாறாது. ஓர் இனத்தின் எல்லை நகர்வது தலைமுறை மாற்றத்தின் வழியாகவே நிகழ்கிறது. எல்லையின் மேல் விளிம்பில் விதைகள் விழுந்து, முளைத்து, சில குளிர்காலங்களைத் தாங்கி நின்றால் எல்லை உயர்கிறது. கீழ் விளிம்பில் முதிர்ந்த மரங்கள் மடியும்போது அவற்றின் இடத்தை நிரப்ப அதே இனத்தின் இளங்கன்றுகள் இல்லாமல் போனால் அந்த விளிம்பும் உயர்கிறது. இவ்விரண்டும் சேர்ந்ததையே பரவல் எல்லையின் நகர்வு என்று அறிவியலாளர்கள் குறிப்பிடுகின்றனர்.

இதில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. வளர்ந்த மரம் தனக்கு ஒவ்வாத வெப்பத்திலும் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடிக்கும். இளங்கன்றுக்கு அந்த ஆற்றல் இல்லை. எனவே பசுமையாகத் தோற்றமளிக்கும் ஒரு காடு, கன்றுகள் இல்லாத காரணத்தால் உள்ளுக்குள் முடிவை நெருங்கிக்கொண்டிருக்கலாம். காட்டின் எதிர்காலத்தை அறிய விரும்பும் ஆய்வாளர்கள் உயர்ந்த மரங்களைவிட, அவற்றின் அடியில் முளைத்திருக்கும் கன்றுகளையே முதலில் எண்ணுவது இதனால்தான்.

மர எல்லை எங்கே முடிகிறது?

மலையில் மரங்கள் வளரக்கூடிய உச்ச வரம்பு 'மர எல்லை' எனப்படுகிறது. உலகின் பல்வேறு மலைகளில் அளவீடு செய்த தாவரவியலாளர் கிறிஸ்டியன் கோர்னரும் அவருடைய குழுவினரும், வளர்ச்சிப் பருவத்தின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும் இடத்தில் மர எல்லை அமைவதைக் கண்டறிந்தனர். அதற்கும் குறைந்த வெப்பநிலையில் இலைகள் ஒளிச்சேர்க்கை செய்ய முடிந்தாலும், புதிய மரத்திசுக்கள் உருவாவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. தரையோடு படர்ந்திருக்கும் புல்லும் புதரும் வெயிலில் சூடான நிலத்தின் கதகதப்பைப் பயன்படுத்திக்கொள்கின்றன. உயர்ந்து நிற்கும் மரம் குளிர்காற்றை நேரடியாக எதிர்கொள்ள வேண்டியுள்ளது.

மலையில் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சுமார் 5 முதல் 6.5 டிகிரி செல்சியஸ் வரை குறையும். மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட காலநிலை மதிப்பீட்டு அறிக்கையின்படி, இந்துகுஷ் - இமயமலைப் பகுதியின் வெப்பநிலை 1951 முதல் 2014 வரையிலான காலத்தில் சுமார் 1.3 டிகிரி செல்சியஸ் உயர்ந்துள்ளது. இவ்விரு எண்களையும் இணைத்துக் கணக்கிட்டால், முன்பிருந்த அதே குளிரைப் பெற ஒரு மர இனம் ஏறத்தாழ 200 முதல் 260 மீட்டர் வரை மேலேற வேண்டும். அதாவது பத்தாண்டுக்குச் சுமார் 30 முதல் 40 மீட்டர்.

சமவெளியில் இந்தக் கணக்கு இன்னும் கடினமானது. ஒரு டிகிரி குளிர்ந்த இடத்தை அடைய அங்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் செல்ல வேண்டியிருக்கும். இடையே வயல்களும் நகரங்களும் சாலைகளும் குறுக்கிடும். அந்த வகையில் மலைவாழ் மரங்களுக்குக் குளிர்ந்த இடம் அருகிலேயே இருக்கிறது. ஆனால், அந்த இடத்தை அவை உரிய நேரத்தில் சென்றடைகின்றனவா என்பதுதான் கேள்வி.

ஹூக்கரின் குறிப்பேடுகள் காட்டிய மாற்றம்

மாற்றத்தை அளக்க வேண்டுமெனில் பழைய பதிவு ஒன்று தேவை. சிக்கிமுக்கு அத்தகைய பதிவு வாய்த்திருக்கிறது. ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர் 1849, 1850 ஆகிய ஆண்டுகளில் சிக்கிமின் உயர்மலைப் பள்ளத்தாக்குகளில் பயணம் செய்து, எந்தத் தாவரம் எந்த உயரத்தில் வளர்கிறது என்பதைக் குறித்துவைத்தார்.

ஏறத்தாழ 160 ஆண்டுகள் கழித்து, 2007 முதல் 2010 வரை தில்லி பல்கலைக்கழக அறிவியலாளர்கள் இடம்பெற்ற குழு அதே பகுதிகளில் மீண்டும் கணக்கெடுத்தது. 2013-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவுகளின்படி, ஆராயப்பட்ட, இமயமலைக்கே உரிய 124 தாவர இனங்களில் 87 சதவீதத்தின் பரவல் எல்லை இடம் மாறியிருந்தது. மேல் எல்லை உயர்ந்த அளவு இனத்துக்கு இனம் 23 மீட்டர் முதல் 998 மீட்டர் வரை வேறுபட்டது. சராசரியாகப் பத்தாண்டுக்குச் சுமார் 27.5 மீட்டர். இந்தப் பட்டியலில் செடிகளும் புதர்களும் அடங்கும் என்பதால் இதனை மரங்களுக்கு மட்டும் உரிய எண்ணாகக் கொள்ள இயலாது. எனினும், மலையின் தாவரங்கள் மேல்நோக்கி நகர்ந்துள்ளன என்பதற்கு இது வலுவான சான்றாக விளங்குகிறது.

உலக அளவிலான நிலவரம் இவ்வளவு சீரானதல்ல. பல்வேறு நாடுகளைச் சேர்ந்த 166 மர எல்லைகள் குறித்த ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் வெளியான மதிப்பீட்டின்படி, 52 சதவீத இடங்களில் மர எல்லை முன்னேறியிருந்தது. இரண்டே இடங்களில் பின்வாங்கியிருந்தது. எஞ்சிய இடங்களில் எந்த நகர்வும் இல்லை. வெப்பம் உயர்ந்தும் ஏறக்குறைய பாதி இடங்களில் மரங்கள் அசையாமல் இருந்ததற்குக் காரணம் என்ன என்பதை ஆராயும்போதுதான் ஈரப்பதத்தின் பங்கு தெரியவருகிறது.

பூர்ஜ மரம் ஏன் தயங்குகிறது?

தென்னிந்தியாவில் பனையோலை எழுதுபொருளாக இருந்ததைப் போல, வட இந்தியாவில் பூர்ஜ மரத்தின் பட்டை எழுதுபொருளாக இருந்தது. 1881-இல் இன்றைய பாகிஸ்தானின் பெஷாவர் அருகே கண்டெடுக்கப்பட்டு, பூஜ்ஜியத்தைப் புள்ளியாகக் குறித்த தொன்மையான கணித நூலாக அறியப்படும் பக்ஷாலி சுவடி பூர்ஜப் பட்டையில் எழுதப்பட்டதாகும். காகிதத்தைப் போல அடுக்கடுக்காக உரியும் வெண்ணிறப் பட்டையைக் கொண்ட இம்மரம்தான் இமயமலையின் பல இடங்களில் மர எல்லையின் கடைசிப் படியில் நிற்கிறது.

நேபாளத்தின் மனாஸ்லு பகுதியில் ஆண்டு வளையங்களைக் கொண்டு மரங்களின் வயதைக் கணக்கிட்டு 2014-இல் வெளியான ஆய்வு, ஒரே மலைச்சரிவில் வளரும் இரண்டு இனங்களை ஒப்பிட்டது. அங்கு ஃபிர் மரங்களின் மேல் எல்லை 1850-க்குப் பின் ஆண்டுக்குச் சராசரியாக 2.61 மீட்டர் வீதம் உயர்ந்திருந்தது. பூர்ஜ மரங்களின் எல்லையோ ஏறக்குறைய அதே இடத்தில் தேங்கியிருந்தது.

இதற்கான விளக்கத்தை நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்கில் நடைபெற்ற ஆண்டு வளைய ஆய்வுகள் அளிக்கின்றன. மர எல்லையில் உள்ள பூர்ஜத்தின் வளர்ச்சி, பருவமழைக்கு முந்தைய மாதங்களில் பெய்யும் மழையைச் சார்ந்திருப்பதை அவை காட்டின. மார்ச் முதல் மே வரை வறட்சி நிலவும் ஆண்டுகளில் மரத்தின் வளையம் குறுகியிருந்தது. வெப்பம் கூடும்போது மண்ணின் ஈரம் விரைவாக ஆவியாகிறது. பனியும் முன்னதாகவே உருகிவிடுகிறது. குளிர் என்னும் தடை தளர்ந்த அதே நேரத்தில், நீர்ப் பற்றாக்குறை என்னும் புதிய தடை எழுகிறது.

பூர்ஜத்தின் விதை மிகச் சிறியது. காற்றில் வெகுதூரம் செல்லக்கூடியது. ஆனால், அதில் சேமிப்புணவு மிகக் குறைவு. ஈரமான பாசி, மக்கிய இலைப்படுகை போன்ற இடங்களில் விழுந்தால் மட்டுமே முளைத்து நிலைக்கும். விதை மலையுச்சிவரை பறந்து செல்வதாலேயே அங்கு மரம் வந்துவிடுவதில்லை.

ஈரப்பதம் வெப்பத்துக்கு இணையாகத் தீர்மானிக்கும் காரணி என்பதை அமெரிக்காவின் அனுபவமும் உறுதிப்படுத்துகிறது. அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் 86 மர இனங்களின் பரவலை ஏறத்தாழ 30 ஆண்டு காலத் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வின்படி, 62 சதவீத இனங்கள் குளிரான வடக்கு நோக்கி நகர்ந்திருந்தன. அதைவிடக் கூடுதலாக, 73 சதவீத இனங்கள் மேற்கு நோக்கி நகர்ந்திருந்தன. அத்திசை நகர்வுக்கு மழைப்பொழிவில் ஏற்பட்ட மாற்றம் முக்கியக் காரணமாகக் கருதப்பட்டது.

மழைக்குக் காத்திருக்கும் விதைகள்

இந்திய மரங்களில் சில, தங்கள் விதைகளைப் பருவமழையின் வருகைக்கு ஏற்ப உதிர்க்கின்றன. சால் மரத்தின் விதை ஜூன் மாதத்தை ஒட்டி முதிர்ந்து விழுகிறது. அதன் முளைப்புத்திறன் ஏறத்தாழ ஒரு வார காலமே நீடிக்கும். அதற்குள் மழை பெய்து மண் நனைந்தாக வேண்டும்.

இமயமலையில் ஏறத்தாழ 2,400 மீட்டருக்கு மேல் வளரும் கர்சு ஓக் மரத்தின் நிலையும் இதுவே. இதன் கொட்டைகள் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் முதிர்கின்றன. சில வேளைகளில் மரத்தில் இருக்கும்போதே முளைவிடத் தொடங்குகின்றன. சேமித்து வைத்து அடுத்த ஆண்டு விதைக்க இயலாத விதை இது.

வெப்பம் கூடினால் விதைகள் முன்னதாக முதிரக்கூடும். பருவமழையோ வெப்பத்தை மட்டும் பொறுத்து வருவதில்லை. விதை விழுந்த பின் மழை இரண்டு வாரங்கள் தாமதித்தால் அந்த ஆண்டின் விதைகள் முழுவதுமே வீணாகும் அபாயம் உள்ளது. விதை முதிர்வதற்கும் மழை தொடங்குவதற்கும் இடையிலான ஒத்திசைவு குலையக்கூடும் என்று இமயமலைக் காடுகளை ஆராயும் சூழலியலாளர்கள் நெடுங்காலமாக எச்சரித்து வருகின்றனர். கர்சு ஓக் காடுகள் பலவற்றில் இளங்கன்றுகள் ஏற்கெனவே அரிதாக உள்ளன.

ஓக் காட்டுக்குள் நுழையும் பைன்

நடுத்தர உயரங்களில் நிகழும் மாற்றம் கிராமத்தினரின் கண்முன்னே நடப்பது. உத்தரகண்டின் குமாவுன், கர்வால் பகுதிகளில் பாஞ்ச் ஓக் காடுகள் பெரும்பாலும் 1,200 முதல் 2,300 மீட்டர் வரையிலும், சீர் பைன் காடுகள் பெரும்பாலும் 900 முதல் 1,800 மீட்டர் வரையிலும் காணப்படுகின்றன. இரண்டும் சந்திக்கும் உயரங்களில் பைன் மரங்கள் ஓக் காடுகளுக்குள் பரவி வருகின்றன.

வறண்ட, வெயில் படும், சத்துக் குறைந்த மண்ணிலும் பைன் முளைக்கும். அதன் தடித்த பட்டை தீயைத் தாங்கும். 'பிரூல்' எனப்படும் அதன் உலர்ந்த ஊசியிலைகள் கோடையில் எளிதில் தீப்பற்றுகின்றன. தரையில் பரவும் தீ ஓக் கன்றுகளை அழித்துவிடுகிறது. வளர்ந்த பைன் மரங்கள் பிழைத்துக்கொள்கின்றன. எரிந்து திறந்த நிலத்தில் அடுத்து முளைப்பதும் பைன்தான். வெப்பமும் வறட்சியும் தீக்காலத்தை நீட்டிக்கும்போது இச்சுழற்சி மேலும் வலுவடைகிறது.

கிராம மக்களுக்கு இது மரவகை மாற்றம் மட்டுமல்ல. ஓக் இலை கால்நடைத் தீவனம். அதன் மக்கிய இலைகள் வயலுக்கு உரம். அதன் மரம் விறகு. ஓக் காட்டின் மண் மழைநீரை உள்வாங்கி ஊற்றுகளை வாழவைக்கிறது என்பது மலைவாழ் மக்களின் நீண்டகால அனுபவம். இந்திய இமயமலைப் பகுதியில் ஆண்டு முழுவதும் நீர் தந்த ஊற்றுகளில் ஏறத்தாழ பாதி வறண்டுவிட்டன அல்லது பருவகால ஊற்றுகளாகிவிட்டன என்று நீதி ஆயோக் 2018-இல் வெளியிட்ட அறிக்கை தெரிவித்தது. இதற்குக் காடுகளின் மாற்றம் ஒன்றே காரணமல்ல. நிலப்பயன்பாடு, சாலை அமைப்பு, மழைப்பொழிவு முறை ஆகியவையும் காரணங்களே. ஆயினும், ஓக் காடுகள் சுருங்குவது தண்ணீர்ப் பற்றாக்குறையுடன் பிணைந்த சிக்கலாகவே பார்க்கப்படுகிறது.

எல்லாவற்றுக்கும் வெப்பமயமாதல்தான் காரணமா?

ஓக் காடுகளின் நிலை வேறொரு முக்கியக் கேள்வியையும் எழுப்புகிறது. தீவனத்துக்காகவும் விறகுக்காகவும் பல தலைமுறைகளாகக் கிளைகள் வெட்டப்பட்டதால் ஓக் மரங்கள் நலிந்தன. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் பிசினுக்காகவும் மரத்துக்காகவும் பைன் காடுகளுக்கு முன்னுரிமை அளிக்கப்பட்டது. இவை இரண்டும் பைன் மரத்துக்குச் சாதகமாக அமைந்தன. வெப்பம் அதற்குப் பின்னர் சேர்ந்துகொண்டது.

மர எல்லையிலும் இதே சிக்கல் உண்டு. இமயமலையின் பல சரிவுகளில், நூற்றாண்டுக்கணக்கான மேய்ச்சலும் தீயிடலும் மர எல்லையை அதன் இயற்கையான உயரத்துக்குக் கீழே தள்ளியிருக்கின்றன. அத்தகைய இடத்தில் மேய்ச்சல் குறைந்தாலே மரங்கள் மேலேறத் தொடங்கும். அதனை வெப்பமயமாதலின் விளைவு என்று தவறாகக் கணக்கிட வாய்ப்புள்ளது.

போஜ்பாசாவே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பூர்ஜத்தின் உறைவிடம் என்று பெயர் பெற்ற அந்த இடத்தில் இன்று அம்மரங்கள் அரிதாகவே காணப்படுகின்றன. யாத்திரிகர்களின் அடுப்புகளுக்கு விறகாக வெட்டப்பட்டது இதற்கு முக்கியக் காரணம். காலநிலை அனுமதித்த இடத்தில் இருந்தும் மனிதப் பயன்பாடு ஒரு மரத்தை அகற்றிவிட முடியும் என்பதை இது உணர்த்துகிறது.

இவ்விரு காரணங்களையும் பிரித்தறிய நீண்டகாலக் கண்காணிப்பு தேவைப்படுகிறது. தேசிய இமயமலை ஆய்வுகள் இயக்கத்தின் கீழ், காஷ்மீர், உத்தரகண்டின் துங்கநாத், சிக்கிம் ஆகிய இடங்களில் மர எல்லையை ஒரே முறையில் ஆராயும் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் 'ஹிமாத்ரி' என்ற பெயரில் உயர்மலைத் தாவரங்களைக் கண்காணிக்கும் திட்டத்தை ஒருங்கிணைத்து வருகிறது.

மனிதர் சுமந்து சென்ற மரம்

காட்டு மரங்கள் தயங்கும் இடத்தில் ஒரு மரம் மட்டும் விரைவாக மேலேறியிருக்கிறது. அது ஆப்பிள்.

இமாசலப் பிரதேசத்தின் கோட்கட் பகுதியில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கரான சாமுவேல் ஸ்டோக்ஸ் அறிமுகப்படுத்திய டெலிஷியஸ் வகை ஆப்பிள், மாநிலத்தின் பொருளாதாரத்தையே மாற்றியது. இவ்வகை ஆப்பிள் நன்கு பூத்துக் காய்க்க, குளிர்காலத்தில் 7 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான குளிர் 1,000 மணி நேரத்துக்கும் மேலாகத் தேவைப்படுகிறது. குளிர்காலம் மிதமானதால் தாழ்வான பள்ளத்தாக்குகளில் இத்தேவை நிறைவேறுவது குறைந்தது. குல்லுவின் தாழ்வான பகுதிகளில் விவசாயிகள் மாதுளை போன்ற பழங்களுக்கு மாறினர். ஆப்பிள் தோட்டங்கள் கின்னோர், லாஹவுல் - ஸ்பிதி ஆகிய உயரமான, வறண்ட மாவட்டங்களில் பரவின.

இதற்கு நேர்மாறான முயற்சியும் நடந்தது. தாழ்வான பிலாஸ்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த விவசாயி ஹரிமன் சர்மா, குறைந்த குளிரிலேயே காய்க்கும் எச்ஆர்எம்என்-99 என்ற ஆப்பிள் வகையை உருவாக்கினார். சமவெளி மாநிலங்களிலும் பயிரிடப்படும் இவ்வகைக்காக அவருக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஆப்பிள் இவ்வளவு விரைவாக இடம் மாறியதற்குக் காரணம் எளிது. விவசாயி கன்றை எடுத்துச் சென்று நட்டார், நீர் பாய்ச்சினார், வேலியிட்டார். காட்டு மரத்தின் விதைக்கு இந்த மூன்றையும் செய்துதர யாரும் இல்லை.

மேலே இடம் இல்லாதபோது

மரங்கள் மேலேறுவது நன்மைதானே என்று தோன்றலாம். ஆனால், அவை ஏறிச் செல்லும் இடம் வெற்று நிலமல்ல. உத்தரகண்டில் 'புக்யால்' எனப்படும் உயர்மலைப் புல்வெளிகள் அங்கு உள்ளன. கட்டி, குஜ்ஜர், பக்கர்வால், போட்டியா போன்ற சமூகத்தினரின் கோடைக்கால மேய்ச்சல் நிலங்களும், அரிய மூலிகைகளும், குளிருக்குப் பழகிய விலங்குகளும் அந்தப் புல்வெளிகளைச் சார்ந்தவை. மரங்களும் புதர்களும் கீழிருந்து நெருக்கும்போது புல்வெளியும் மேலேற வேண்டும். மலை மேலே செல்லச் செல்லக் குறுகுவதால் அதற்குக் கிடைக்கும் பரப்பு குறைகிறது. உச்சிக்கு அப்பால் செல்ல இடமே இல்லை.

இந்த நெருக்கடி தமிழகத்தின் நீலகிரிக்கும் பொருந்தும். நீலகிரியின் உச்சிகளில் செந்நிறப் பூக்களுடன் காணப்படும் ரோடோடென்ட்ரான், இமயமலையில் 'புராஞ்ஷ்' என்று அழைக்கப்படும் உத்தரகண்டின் மாநில மரத்துடன் ஒரே இனத்தைச் சேர்ந்தது. இடையே இரண்டாயிரம் கிலோமீட்டர் சமவெளி இருந்தும் இவ்வினம் இரு இடங்களிலும் இருப்பதற்கு, குளிர் மிகுந்த பழங்காலத்தில் அதன் பரவல் விரிந்திருந்து பின்னர் சுருங்கியதே காரணம் என்று கருதப்படுகிறது. நீலகிரியின் மலைச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த தாவர எச்சங்களை இந்திய அறிவியல் கழகத்தின் ஆர்.சுகுமார் உள்ளிட்டோர் ஆராய்ந்து 1993-இல் முடிவுகளை வெளியிட்டனர். கடந்த 20,000 ஆண்டுகளில் வறண்ட காலத்துக்கு உரிய புற்களும், ஈரமான காலத்துக்கு உரிய தாவரங்களும் அங்கு மாறிமாறி மேலோங்கியதை அவை காட்டின.

எனவே தாவரங்களின் எல்லை நகர்வது புதிதல்ல. வேகமும் சூழலுமே புதியவை. பழங்கால மாற்றங்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடைத்தன. நகரும் வழியில் வேலிகளும் நகரங்களும் இருக்கவில்லை. தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர் மட்டுமே. அங்கு வாழும் குளிர்நிலத் தாவரத்துக்கு அடுத்த உயரமான புகலிடம் அருகில் இல்லை.

நாடு முழுவதற்குமான நிலையைக் கணினி மாதிரிகளின் துணையுடன் மதிப்பிட்டு 2011-இல் வெளியான ஆய்வு, பசுமைக்குடில் வாயு உமிழ்வு மிகுந்த சூழலில் இந்தியக் காட்டுப் பரப்பின் 39 சதவீதமும், மிதமான சூழலில் 34 சதவீதமும் இந்நூற்றாண்டின் இறுதிக்குள் தங்கள் காட்டு வகைக்குப் பொருந்தாத காலநிலையைச் சந்திக்கும் என்று கணித்தது. இமயமலையின் உயரமான பகுதிகள், மத்திய இந்தியாவின் சில பகுதிகள், மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதி, கிழக்குத் தொடர்ச்சி மலை ஆகியவை கூடுதல் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவையாக அதில் குறிப்பிடப்பட்டன.

என்ன செய்ய முடியும்?

உமிழ்வைக் குறைப்பதே அடிப்படைத் தீர்வு. அது நிகழும் வரை காடுகளுக்கு அவகாசம் பெற்றுத்தரச் சில வழிகள் உள்ளன.

முதலாவது, மேலேறும் பாதையைத் துண்டிக்காமல் காப்பது. தாழ்வான காட்டில் இருந்து உச்சிவரை இடைவெளியற்ற காடு இருந்தால் விதைகளைச் சுமக்கும் பறவைகளும் விலங்குகளும் அதன் வழியே செல்லும். ஓக் கொட்டைகளைப் புதைத்துவைத்து மறந்துவிடும் பறவைகளே ஓக் மரத்தை மேட்டுக்குக் கொண்டுசெல்லும் முக்கியத் தூதர்கள்.

இரண்டாவது, கன்றுகளைக் காப்பது. தீயையும் மிகை மேய்ச்சலையும் சில ஆண்டுகள் விலக்கிவைத்தால், ஓக் கன்றுகள் தாமாகவே எழும் வாய்ப்பு அதிகரிக்கும். உத்தரகண்டில் பிரூல் சேகரித்து விற்கும் கிராம மக்களுக்குப் பணம் வழங்கும் திட்டங்கள் தீயின் எரிபொருளைக் குறைக்கும் நோக்கம் கொண்டவை.

மூன்றாவது, மனிதர்களே விதைகளை எடுத்துச் செல்வது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம், மறுநடவுக்கான விதைகளை எதிர்காலக் காலநிலைக்குப் பொருந்தும் வகையில் தேர்ந்தெடுக்கும் விதிமுறையை நடைமுறைப்படுத்தியுள்ளது. எனினும், ஓர் இனத்தை அது இதுவரை இல்லாத இடத்தில் நடுவதில் ஆபத்தும் உண்டு. நீலகிரி, பழனி மலைகளின் புல்வெளிகளில் நடப்பட்ட வாட்டில் போன்ற அயல் மரங்கள் பின்னர் கட்டுப்பாடின்றிப் பரவியது இதற்கான எச்சரிக்கை. மரம் இல்லாத இடமெல்லாம் மரம் நடத் தகுந்த இடமல்ல என்று புல்வெளி ஆய்வாளர்கள் வலியுறுத்துகின்றனர்.

போஜ்பாசாவில் இதற்கான ஒரு முன்மாதிரி உள்ளது. மலையேற்ற வீராங்கனையும் பேராசிரியருமான ஹர்ஷ்வந்தி பிஷ்ட், 1990-களில் அங்கு பூர்ஜ மரக்கன்றுகளை நட்டுப் பராமரிக்கும் பணியைத் தொடங்கினார். அம்மரம் முன்பு வளர்ந்த அதே இடம். அப்பகுதிக்கே உரிய அதே இனம். வெட்டப்பட்டதால் இல்லாமற்போன மரத்தை மீட்பதே அதன் நோக்கம்.

கங்கோத்ரி பள்ளத்தாக்கில் மர எல்லை இனி உயர வேண்டுமெனில், அதற்கான விதைகள் போஜ்பாசாவை ஒட்டிய இத்தகைய மரங்களில் இருந்தே வர வேண்டும். அவை விழும் இடத்தில் ஈரம் இருக்குமா, முளைத்தபின் முதல் சில ஆண்டுகள் மேய்ச்சலில் இருந்தும் விறகு வெட்டில் இருந்தும் தப்புமா என்பதைப் பொறுத்தே அந்தப் பெயருக்கு உரிய காடு அங்கு மீண்டும் அமையும்.